நாய்க்கு மொட்டை போடலாமா?

அக்னி நட்சத்திரம் வந்தாலே எங்க தெருவுல இந்தப் பேச்சு கிளம்பிடும். "பாவம்ப்பா, இந்த வெயில்ல கம்பளி போர்த்துன மாதிரி கிடக்கு. ஒட்ட வெட்டி விட்டுடுங்க." எங்க மணியைப் பார்த்து இதைச் சொல்றவங்க எல்லாருமே நல்லவங்கதான். அப்பாவும் பாதி மனசாயிட்டார். நான்தான் குறுக்கே நிக்கிறேன்.

மணிக்குப் பதினோரு வயசு. பொமரேனியன்னு சொல்லி வாங்கினது (நம்ம ஊர்ல அந்தப் பேர்ல சுத்துறதுல நிறைய இந்தியன் ஸ்பிட்ஸ்தான்). ரெண்டடுக்கு முடி. மேலே நீளமா, அடியில பஞ்சு மாதிரி.

நாம மொட்டை போட்டா தலை குளுகுளுன்னு இருக்கே, அதுக்குக் காரணம் வியர்வை காயறது. நாய்க்குப் பாதத்துல கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறதுதான் அதுக்கு விசிறி. முதுகை மழிச்சா அந்த விசிறி வேகமா சுத்தப் போறதில்லைங்க. வெயில்தான் நேரா தோல்ல இறங்கும். அதோட, ஸ்பிட்ஸ் மாதிரி நாய்களுக்கு ஒட்ட வெட்டின இடத்துல மாசக்கணக்கா முடி வளராம நின்னு போறதும் உண்டு. இந்த வயசுல மணிக்கு அப்படி ஆனா என்ன பண்றது?

உண்மையில காத்தை அடைக்கிறது, உதிர்ந்து அடியிலயே சிக்கிக் கிடக்கிற பஞ்சு முடி. போன ஞாயித்துக்கிழமை மாடியில உக்காந்து சீவினேன். ஒரு பை நிறைய வந்துச்சு! "தலையணையே தைக்கலாம் போலிருக்கே"ன்னாங்க அம்மா.

அதுக்காக கத்தரிக்கோலே ஆகாதுன்னு இல்லை. பூடுல், ஷீட்ஸூ எல்லாம் முடி நிக்காம வளர்ற ஜாதி, வெட்டித்தான் ஆகணும். தோல் தெரியாம வெட்டினா போதும். சடை பிடிச்சுட்டா எந்த நாய்க்கும் வெட்டுறதைத் தவிர வழியில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, கொடுத்து வச்சவங்க.

அப்பாகிட்ட நான் கேட்டது வேற. மணியோட நடையை விடியக்காலைக்கு மாத்தணும். தார் ரோட்டுல புறங்கையை வச்சுப் பார்த்து, சுட்டா திரும்பிடணும். மதியம் ஃபேனுக்குக் கீழே, தண்ணியோட. நாயோட சாதாரணச் சூடே 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 105 பக்கம் போயி, எச்சில் ஒழுகித் தள்ளாடினா, உடனே தண்ணி ஊத்தி, காத்து படவச்சு, டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். டாக்டர் நம்பரை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு.