கதை காப்பாற்றிய நிலவறை... 500 வயது ஜெர்மனி உணவகம்!

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 'மேட்லர் பாசாஜ்' என்ற கண்ணாடிக் கூரை போட்ட வணிக வளாகம் இருக்கிறது. பளபளக்கும் கடைகளுக்கு நடுவே, தரைக்குக் கீழே இறங்குகிறது ஒரு படிக்கட்டு. இறங்கினால் வளைந்த கூரை, தடித்த சுவர்கள், வரிசையாக மேஜைகள். இதுதான் 'அவுர்பாக்ஸ் கெல்லர்' உணவகம். கெல்லர் என்றால் நிலவறை.

1525-ல் இங்கே ஒயின் விற்கத் தொடங்கியவர் ஹைன்ரிஷ் ஸ்ட்ரோமர். மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். அவுர்பாக் என்ற ஊர்க்காரர் என்பதால் அந்தப் பெயரே கடைக்கும் நிலைத்துவிட்டது. வெயில் எட்டாத நிலவறை எப்போதும் குளுமையாக இருக்கும் என்பதால், ஒயின் பீப்பாய்களை வைக்க வசதியான இடம். குடிக்க மாணவர்கள் கூடினார்கள்.

கூடவே ஒரு கதையும் கிளம்பியது. சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபவுஸ்ட் என்ற மந்திரவாதி, இங்கிருந்த ஒயின் பீப்பாய் மீது ஏறி, குதிரைச் சவாரி போல வெளியே போனாராம்! சும்மா கட்டிவிட்ட கதைதான். ஆனாலும், 1625-ல் அதை இரண்டு ஓவியங்களாகவே வரைந்து இங்கே மாட்டிவிட்டார்கள்.

1765-ல் சட்டம் படிக்க லைப்சிக் வந்தார் 16 வயது கதே. நிலவறைக்கு வந்துபோனவர், அந்த ஓவியங்களையும் பார்த்தார். பின்னாளில் பெரும் கவிஞரான அவர், 1808-ல் வெளியான தன் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் ஒரு காட்சியை இதே நிலவறையில் அமைத்தார். சாத்தான் மேஜையில் துளை போட, ஒயின் கொட்டும் காட்சி அது. உள்ளூர் ஒயின் கடை உலகப் புகழ் பெற்றது.

ஆபத்து வந்தது 1911-ல். பெட்டி, தோல் பொருள்கள் தயாரிக்கும் தொழிலதிபர் ஆன்டன் மேட்லர் இந்த இடத்தை வாங்கினார். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு நவீன வணிக வளாகம் கட்டுவது அவர் திட்டம். நிலவறையும் போய்விடுமோ என்று எதிர்ப்பு கிளம்பியது. மேட்லர் இறங்கி வந்தார். மேலே இருந்த கட்டடம் தரைமட்டமானது. கீழே பழைய அறைகள் தப்பின. பக்கத்திலேயே பெரிய கூடம் ஒன்றும் சேர்த்து, 1913-ல் உணவகம் மறுபடி திறக்கப்பட்டது.

படிக்கட்டு அருகே நிற்கும் ஃபவுஸ்ட், சாத்தான் வெண்கலச் சிலைகளும் அதே ஆண்டு மத்யூ மோலிட்டர் செய்தவை. ஃபவுஸ்ட்டின் காலணியைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. பலர் தடவித் தடவி அந்த இடம் மட்டும் தங்கம் போல மின்னுகிறது.

யோசித்துப் பாருங்கள். இடிபட்ட மேல் கட்டடமும் ஸ்ட்ரோமர் 1530-களில் கட்டியதுதான். அதற்கும் ஏறத்தாழ 400 வயது. வியாபாரிகள் கூடும் சந்தையாகப் பேர் பெற்ற இடம். ஆனால், அதைக் காப்பாற்றும் அளவுக்கு ஒரு கதை அதற்கு வாய்க்கவில்லை. நடக்காத ஒரு பீப்பாய் சவாரிதான் கீழே இருந்த சுவர்களைக் காப்பாற்றியது. உங்கள் ஊர்ப் பழைய கட்டடத்துக்கும் ஒரு கதை இருக்கும். அதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்!