சீனாப்பட்டி

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லையூர் எங்கள் ஓசூர். இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்ய அசாம், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் பலர் வந்து குடியேறியுள்ளனர். அப்படி வந்த அசாமியக் குடும்பம் ஒன்றின் மகள் சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய முகச்சாயலைக் கண்டு நாங்கள் அவளைச் "சைனா" என்று அழைத்தோம். அப்பெயரை முதலில் சூட்டியவள் நானே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் மதிய உணவு வேளையில் அவள் தட்டுத் தடுமாறிய தமிழில், "எங்கள் ஊர் மாக்கூம். அங்கே சீனாப்பட்டி என்றே ஓர் இடம் உண்டு" என்றாள். நம் சாமல்பட்டியைப் போல அதுவும் ஒரு சிற்றூர் என்று எண்ணினேன். ஆனால் அது ஊருக்குள் இருந்த சீனர் குடியிருப்பு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்த சீனரின் வழிவந்தோர் அங்கே வாழ்ந்தனர். உள்ளூர்ப் பெண்களை மணந்து, அசாமிய மொழி பேசி, கடைகள் நடத்தி, அவ்வூர் மக்களாகவே ஆகிவிட்டனர். கொல்கத்தாவின் திரெட்டி பஜாரும், தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றிருந்த தாங்ராவும் இத்தகைய சீனர் குடியிருப்புகளே.

1962இல் இந்திய-சீனப் போர் மூண்டது. சீனாப்பட்டி மக்களைப் போலீசார் அழைத்துச் சென்று, ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானிலுள்ள தேவ்லி முகாமில் அடைத்தனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 3,000 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். அவர்களில் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர். சீன வம்சத்தில் பிறந்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன? சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தனர். பலர் தாங்கள் கண்டே இராத சீனாவுக்கு அனுப்பப்பட்டனர்.

"என் பாட்டியின் விளையாட்டுத் தோழியும் அப்படிப் போனவள்தான். திரும்பவே இல்லை. நீங்கள் எனக்கு வைத்த பெயரைக் கேட்டால் பாட்டி அழுதுவிடுவாள்" என்றாள் அவள். என் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

இதை எங்கள் சிஸ்டரிடம் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. "சிங்கப்பூரின் சைனா டவுன் நடுவிலே 1827இல் தமிழர் நிறுவிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பிழைக்கப் போன இடத்தில் நம்மவரும் அயலாரே. குழந்தை இயேசுவும் எகிப்தில் அயலாராய் வாழ்ந்தவர் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது நாங்கள் ஒரே பெஞ்சில் அமர்கிறோம். அவளை அவளுடைய பெயராலேயே அழைக்கிறேன். அன்புத் தோழிகளே, நீங்களும் அவ்வாறே செய்வீர்களா?