தம்பியோட கம்ப்யூட்டரும் ஏழரை எச்.பி. மோட்டாரும்

ரெண்டு வாரமா மஞ்சள் வேக வைக்கிற வேலைங்க, எழுத முடியலை. இந்தத் தடவை வெள்ளாமை பத்தி இல்லை, கம்ப்யூட்டர் பத்தி. சிரிக்காம படிங்க.

என் தம்பி சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பார்த்தான். 1992-ல லீவுக்கு வந்தப்ப ஒரு பழைய கமடோர் அமிகா 500 வாங்கிட்டு வந்தான். கீபோர்டுக்குள்ளயே மொத்த கம்ப்யூட்டரும் இருக்கும், பக்கவாட்டுல ஃபிளாப்பி போடணும். ராத்திரி நாங்க ரெண்டு பேரும் கார் ஓட்டுற ஆட்டம் ஆடுவோம். நான் ஒரு நாளும் ஜெயிச்சதில்லை. தம்பி தவறி பன்னெண்டு வருசம் ஆச்சு. பெட்டி பரண்லயே கிடந்துச்சு.

போன மாசம் தம்பி மகன் கோயமுத்தூர்ல இருந்து வந்தான். கையில ஒரு சின்ன போர்டு. "பெரியப்பா, இது ஆக்சிலரேட்டர். அப்பா மெஷின்ல பழைய பிராசசரைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதை மாட்டிட்டா போதும், பறக்கும்"னான். பழைய பிராசசர் பேரு மோட்டரோலா 68000, ஏழு மெகாஹெர்ட்ஸ்ல ஓடுறது. புதுசுக்கு பிஸ்டார்ம்னு பேரு. அதுமேல ஒரு ராஸ்பெர்ரி பை உக்காந்து, நான்தான் அந்தப் பழைய சிப்புன்னு நடிக்குமாம்.

எனக்கு எங்க கிணறு ஞாபகம் வந்துச்சு. மூணு எச்.பி. மோட்டாரைத் தூக்கிட்டு ஏழரை எச்.பி. மாட்டினேன். முதல் நாள் தண்ணி பீய்ச்சுச்சு, ஊரே வேடிக்கை பார்த்துச்சு. ஒன்றரை மணி நேரத்துல கிணறு வத்திப் போச்சு. மோட்டார் பெருசானா ஊத்து பெருசாகாதுல்ல? அதனால, "கண்ணு, முதல்ல பழைய சிப்போடயே ஓடுதான்னு பாரு. அப்புறம் புதுசு மாட்டலாம்"னு சொன்னேன்.

அடிப்பக்க மூடியைத் திறந்தா, கூடுதல் மெமரி போர்டுல கடிகாரத்துக்கு வெச்ச பேட்டரி கசிஞ்சு பச்சையா பூத்திருந்துச்சு. "இது காரம் பெரியப்பா, புளிப்பு வேணும்"னான். தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒண்ணு பறிச்சுக் குடுத்தேன். பேட்டரியை வெட்டி எடுத்து, சாறு தொட்டு பல் பிரஷ்ல தேச்சு, ஸ்பிரிட்ல கழுவிக் காய வெச்சான். பவர் பெட்டியில வோல்டேஜ் சரியா வருதான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுதான் சுவிட்சு போட்டான். டிவியில ஃபிளாப்பியைப் பிடிச்ச ஒரு கை படம் வந்துச்சு. தம்பி போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தேன்.

பதினாலு ஃபிளாப்பியில அஞ்சுதான் படிச்சுச்சு. ஒண்ணுல தம்பி டீலக்ஸ் பெயிண்ட்ல வரைஞ்ச படம் இருந்துச்சு. எங்க கிணறு, தொட்டி, ஓரத்துல ஒரு மாடு. மாட்டுக்கு மூணு கால்தான் போட்டிருந்தான். பையன் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அவங்கப்பா கைவேலையை அவன் பார்க்கிறது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில சிப்பைக் கழட்டினான். அறுபத்து நாலு கால். ஒரே பக்கமா நெம்பினா வளைஞ்சிரும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், காய் அறுந்து மண்ணுல தங்காம கடலைச்செடி பிடுங்குற மாதிரி எடுத்தான். புது போர்டை அந்த சாக்கெட்லயே அழுத்தி உக்கார வெச்சான். சால்டரிங் எதுவுமே இல்லை.

வேகம் அளக்குற சாஃப்ட்வேர்ல பார்த்தா பல நூறு மடங்கு காட்டுச்சு. பையன் குதிச்சான். ஆனா தம்பி படம் ஃபிளாப்பியில இருந்து வர்றதுக்கு முன்னாடி ஆன நேரம்தான் ஆச்சு. ஃபிளாப்பி சுத்துற வேகம் அதேதானே. படம், சத்தம் பார்த்துக்கிற சிப்புகளும், அதுக்கான மெமரியும் பழைய நடையிலதான் போகுமாம். கணக்குப் போடுற வேலை மட்டும்தான் பறக்கும்.

அப்புறம் கார் ஆட்டம் போட்டோம். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள கார் மோதி நிக்குது. பழைய பிராசசரோட வேகத்தை நம்பி எழுதின ஆட்டம்னு பையன் விளக்கினான்.

"என்ன பண்றது பெரியப்பா?"

"உன் அப்பன் மெஷின். நீயே சொல்லு."

கொஞ்சம் யோசிச்சுட்டு பழைய சிப்பையே திரும்ப மாட்டினான். புது போர்டு வீண் இல்லை, அதுல புரோகிராம் எழுதிப் பார்க்க இன்னொரு பழைய அமிகா தேடுறானாம். கிடைக்கட்டும்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஆடினோம். அஞ்சு ஆட்டம், அஞ்சுலயும் தோத்தேன். வளைவுல பிரேக் பிடிக்காம அப்படியே திருப்புறான், அவங்கப்பன் மாதிரியே.