ஒரு சோறு பதமா?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். 2024 டிசம்பர் வரை நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

அந்த மாத முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையாறு கரை புரண்டு கடலூருக்குள் புகுந்தது. நிவாரணப் பைகள் கொண்டு சென்ற மாணவியருள் நானும் ஒருத்தி. ஆற்றோரப் பகுதி ஒன்றுக்கு எத்தனை பை வேண்டும் என்று கணக்கிடும் பொறுப்பைச் சிஸ்டர் அவர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள். மொத்தம் 400 வீடுகள். வெள்ளம் புகுந்ததோ கால் பங்கு நிலத்தில். "400-ல் கால் பங்கு 100, சிஸ்டர்" என்று நொடியில் விடை சொன்னேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குபவள் என்ற பெருமை வேறு!

அங்கே சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. மேட்டுப் பக்கம் தென்னந்தோப்பும் விளையாட்டுத் திடலும் கிடந்தன. வீடுகளோ கரையை ஒட்டி நெருக்கியடித்து நின்றன. பைகள் தீர்ந்த பின்னும் வரிசை தீரவில்லை. அடுத்து நின்ற பாட்டி ஒருவர், "பரவாயில்லை கண்ணு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மறுநாள் மீண்டும் பைகள் கொண்டு போனோம். ஆனால் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்குச் சிதம்பரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ செய்த தப்பைக் கம்ப்யூட்டரும் செய்யுமடி" என்றாள் அக்கா.

இடங்களைப் பற்றிய விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரிடம், 'இந்த எல்லைக்குள் உள்ள வீடுகளைக் காட்டு' என்று கேட்டால், தேடுவதற்கு முன்பே எத்தனை வரும் என்று அது ஊகிக்குமாம். விடை சிலவே என்றால், புத்தகத்தின் கடைசியில் உள்ள அகராதியைப் பார்த்து உரிய பக்கத்தைத் திருப்புவது போலத் தேடலாம். பெரும்பகுதியும் வேண்டுமென்றால் முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதே விரைவு. ஊகம் தவறினால் வழியும் தவறும்; நொடியில் வரவேண்டிய விடைக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும்.

இதற்காக நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் குறித்து வைப்பார்களாம். கட்டத்துக்குள் எல்லாம் சமமாகப் பரவியிருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அக்கா ஒரு தாளில் சிதம்பரத்தை வரைந்தாள்.

"நடராஜர் கோயிலையும் நான்கு தேர் வீதிகளையும் ஒரே கட்டமாகப் போட்டால் என்ன ஆகும்? நடுவில் கோயில், வீடும் கடையும் சுற்றிலும். கோயில் மதிலுக்குள் எத்தனை வீடு என்று கேட்டால், இல்லாத வீட்டையெல்லாம் சொல்லும். கீழ வீதியைக் கேட்டால் குறைத்துச் சொல்லும்."

"எல்லாவற்றையும் சின்னக் கட்டமாகப் போட்டால்?" என்றேன்.

"குறிப்பே பெருத்துவிடுமே! பிறகு ஊகம் எதற்கு?"

1999-ஆம் ஆண்டில் சுவரூப் ஆசார்யா, விஸ்வநாத் பூசாலா, ஸ்ரீதர் ராமசாமி ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு வழி காட்டியதாம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நெருக்கம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்படி, கட்டங்களைச் சிறிதும் பெரிதுமாக அமைப்பதே அவ்வழி. வெற்றிடத்துக்கு ஒரு பெரிய கட்டம் போதும். நெருக்கம் மாறும் இடத்தில்தான் சிறு கட்டங்கள் தேவை.

ஊர் திரும்பியதும் அந்த ஆற்றோரப் பகுதிக்குப் புதுப் படம் போட்டேன். தோப்புக்கும் திடலுக்கும் ஒரே கட்டம்; கரையோரத்துக்குப் பதினாறு. தோழியர் இருவரோடு தெருத் தெருவாக நடந்து எண்ணினோம். நான் 100 என்று சொன்ன இடத்தில் 230 வீடுகள் இருந்தன! படத்தைச் சிஸ்டர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வெள்ளத்துக்கு அது உதவும்.

அன்புத் தோழியரே! ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அந்தப் பாட்டியின் வீடு எங்கள் படத்தில் கரையோரத்துக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இம்முறை அதை எண்ண மறக்கவில்லை.