அடுப்பில் வைத்த கால்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் நான்கு உவமைகளை எடுத்து விளக்கித் தந்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். ஆயினும் சில ஆண்டுகளாக என் நெஞ்சில் ஒரு கடன் கிடக்கிறது. அதனைத் தீர்க்க இம்மலரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கடன் ஒரு மாணவருக்கு உரியது. பொருளோ, மலிவான பேய்ப் படங்கள். தமிழ்த்துறை மலரில் இதுவா என்று புருவம் உயர்த்துவோர் சற்றே பொறுத்தருள்க.

நான் பிறந்து வளர்ந்தது காங்கேயத்தில். அத்தா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதி வந்தார். எங்கள் வீட்டில் சினிமா என்ற சொல்லே உரக்க ஒலித்ததில்லை. 1987ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, என் நன்னி காலமானார். நான் அவர் அருகில்தான் உறங்குவது வழக்கம். அன்று விடியற்காலையில், எழுப்புவதற்காக அவர் காலைத் தொட்டேன். அது சில்லென்றிருந்தது. அதன்பின் நடந்தவை எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தச் சில்லிப்பு மட்டும் விரல் நுனியிலேயே தங்கிவிட்டது. இறந்தவர் இறைவனிடம் சென்றுவிடுவர், திரும்பி வரமாட்டார் என்று அம்மா எத்தனையோ முறை சொன்னார். அறிவு ஏற்றது, இரவு ஏற்கவில்லை. போர்வைக்கு வெளியே என் காலே தெரிந்தாலும் அலறுவேன். மூன்று மாதங்கள் அரிக்கேன் விளக்கைத் தணிக்காமல் வைத்தே உறங்கினோம்.

அந்நாளில் ஊருக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸ் வந்திறங்கியது. ஆலையில் நெல் அவிக்கும் அண்ணன் ஒருவர், பையன் இப்படி வெளிறிக் கிடக்கிறானே என்று இரக்கப்பட்டு, வீட்டுக்குத் தெரியாமல் என்னை அழைத்துச் சென்றார். பேய்க்கு அஞ்சி நடுங்கும் பிள்ளையை அவர் அழைத்துச் சென்றது 'ஜகன்மோகினி'க்கு! மனநூல் கற்றவர் எவரும் செய்யத் துணியாத மருத்துவம் அது.

1978ஆம் ஆண்டில் வெளிவந்து, தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்டு, பட்டிதொட்டியெல்லாம் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஓடிய படம் அது. எடுத்தவர் பி. விட்டலாச்சாரியா. 1920இல் உடுப்பிப் பகுதியில் பிறந்து, தெலுங்குத் திரையுலகில் மாயாஜாலக் கதைகளுக்கென்றே பெயர்பெற்று, 1999இல் மறைந்தவர். சிக்கனத்திற்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நடிகர் ஒருவர் குறித்த நாளில் வராவிட்டாலோ கூலி கூடக் கேட்டாலோ, முனிவர் சாபத்தால் அவரைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டுப் படத்தைத் தொடர்வாராம். உண்மையோ கட்டுக்கதையோ, அவர் படங்களைப் பார்த்தவர்கள் நம்பத் தயங்கமாட்டார்கள்.

கொட்டகையில் ஒரே ஒரு படக்கருவி. சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும்; முறுக்குக்காரர் குரல் கொடுப்பார். ஆண்கள் பக்கத்திற்கும் பெண்கள் பக்கத்திற்கும் இடையே இடுப்பளவு மண்சுவர். நான் மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டிருந்தேன். மருமகளாக வீட்டிற்குள் புகுந்த மோகினி சமைக்க அமர்ந்தது. விறகில்லை. அது தன் காலையே அடுப்பிற்குள் நீட்டி எரிக்கத் தொடங்கியது.

கொட்டகை முழுவதும் சிரித்தது. மண்சுவருக்கு அப்பாலிருந்து எழுந்த பெண்களின் சிரிப்பு எங்கள் சிரிப்பைவிட ஓங்கியிருந்தது. விரலிடுக்கால் பார்த்தேன். எரிவது கட்டைதான் என்று எனக்கே தெரிந்தது. இன்னொரு காட்சியில் ஏதோ ஒரு பொருள் அந்தரத்தில் மிதந்து வந்தபோது, பக்கத்திலிருந்த அண்ணன் என் தொடையைத் தட்டி, "அங்க பாருங்க தம்பி, நூலு தெரியுதுங்க!" என்றார். நானும் பார்த்தேன். கருப்பு நூல், விளக்கொளியில் பளிச்சென்று. அன்றிரவு விளக்கைத் தணித்துவிட்டே உறங்கினேன்.

இதனை நான் எவரிடமும் சொன்னதில்லை. பின்னர்த் தமிழ் படித்து, எம்.ஃபில். பட்டம் பெற்று, விரிவுரையாளனாகி, அந்த நூலையும் அடுப்பையும் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட்டேன்.

2018ஆம் ஆண்டில் முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஆய்வேட்டுத் தலைப்போடு என் முன் நின்றார். "ஐயா, விட்டலாச்சாரியா படத்துல வர்ற பேய்களைப் பத்திச் செய்யலாமுங்களா?" என்றார். தன் கைப்பேசியையும் நீட்டினார். இத்தாலியிலும் இத்தகைய படங்கள் ஏராளமாக வந்துள்ளன என்றும், ஒப்பிட்டு ஆராயலாம் என்றும் விளக்கினார். லூசியோ ஃபுல்சி என்பவர் 1979இல் எடுத்த 'சோம்பி 2' என்னும் படத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். கடலடியில் ஒரு நடைபிணம் சுறாமீனோடு மற்போர் புரிகிறது! சுறா மெய்யான சுறா, பிணம்தான் பொய். 'இரண்டு' என்கிறதே, ஒன்று எங்கே என்று கேட்டேன். ஒன்று இவர்களுடையதே அன்றாம். ஜார்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்கர் 1978இல் எடுத்த படம் இத்தாலியில் 'சோம்பி' என்ற பெயரில் ஓடி வெற்றி பெறவே, அதன் தொடர்ச்சிபோல் தோன்றும்படி இவர்கள் பெயர் சூட்டிக்கொண்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "இதற்கெல்லாம் இலக்கியத் தகுதி இல்லை. குறுந்தொகையில் உவமை என்று எடுத்துக்கொள்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "சரிங்க ஐயா" என்று போய்விட்டார். மறுத்தது என் தமிழ்ப் புலமை அன்று, என் கூச்சம். அந்தத் தலைப்பை ஏற்றால், துறையில் எவரேனும், 'நீங்கள் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம்.

அடுத்த வாரமே அகப்பட்டுக்கொண்டேன். கலிங்கத்துப்பரணி நடத்த வேண்டிய முறை. சயங்கொண்டாரின் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடும் பகுதி. இறந்த யானையின் தந்தத்தால் பல் துலக்கி, அதன் விலா எலும்பால் நாக்கை வழித்து, வீரர்களின் பற்களை அரிசியாக்கி, முரசை உரலாக்கிக் குற்றி, கூழ் சமைத்து, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் சூல்கொண்ட பேய்க்கும் முறை பிசகாமல் பரிமாறுகின்றன. இதற்கும் முன்னோடி உண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாடலில், பகைவர் தலைகளே அடுப்பு, வளையணிந்த தோள்களே துடுப்பு. தலை அடுப்பாகலாம், தோள் துடுப்பாகலாம் என்று நானே விளக்கியபின், கால் விறகாவதில் என்ன குறை? வாக்கியம் பாதியில் நின்றது. அந்த மாணவர் கடைசி வரிசையில் தலை குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்று மாலை நூலகத்தில் மணிமேகலையைப் புரட்டினேன். சக்கரவாளக்கோட்டத்துக் காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் வருகிறான். தனியே சுடுகாட்டுப் பக்கம் சென்றவன், தலையொன்றைக் கையிலேந்திக் களித்தாடும் பேயைக் கண்டு அஞ்சி, உயிரையே விட்டுவிடுகிறான். தாய் கோதமை சம்பாபதியின் முன் கதறுகிறாள். பலமுறை பாடம் நடத்திய பகுதிதான். அன்றைக்குத்தான் அவன் தனியே சென்றான் என்ற செய்தி உறைத்தது. அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, 'நூல் தெரிகிறது பார்' என்று தொடையைத் தட்ட ஆளில்லை. பரணியின் பேய் கூட்டமாகக் கேட்டுச் சிரிப்பதற்குரிய பேய். சார்ங்கலன் கண்டதோ அவனை மட்டும் சந்தித்த பேய். எனக்கு டூரிங் டாக்கீஸில் கிடைத்தது முதல் வகை.

மலிவுப் பேய்ப் படத்தின் கவர்ச்சி அதன் குறையிலேயே இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான். படக்கருவியை நிறுத்தி, ஒரு பொருளை அகற்றிவிட்டு, மீண்டும் ஓட்டினால் அப்பொருள் மறைந்துவிடும். பிரான்சில் மெலியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையாண்ட இந்த உத்திதான் விட்டலாச்சாரியாவின் மந்திரக்கோல். இணைப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால் நாமும் அந்தப் பொய்யில் பங்காளியாகிறோம். சாவைப் பொம்மையாக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2009இல் நமீதா நடிக்க அதே பெயரில் மீண்டும் ஒரு படம் வந்தது. கணினி வேலைப்பாடு சேர்ந்திருந்தது, எனக்கு ஒட்டவில்லை.

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. இப்படங்களின் நடுப்பகுதி பெரும்பாலும் பொறுக்க இயலாத சலிப்பு. பிற்பாடு அந்த இத்தாலியப் படத்தை முழுதும் பார்த்தேன். பெண்ணொருத்தியின் கண்ணை மரச்சிம்பு நெருங்கும் காட்சியில் கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டேன். அங்கே சிரிப்பதற்கு இடமில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு: இத்தாலியப் பிணங்கள் மனிதரைப் பச்சையாகத் தின்னும். நம் பேய்கள், புறநானூறு தொட்டு ஜகன்மோகினி வரை, அடுப்பு மூட்டிச் சமைப்பவை. இதனை வைத்தே ஓர் இயல் எழுதலாம்.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில் காங்கேயம் போயிருந்தேன். இரவில் அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து கைப்பேசியில் அந்த அடுப்புக் காட்சியைத் தேடி எடுத்தேன். எட்டிப் பார்த்த அம்மா, "காலை வெச்சு அடுப்பெரிக்குமே, அந்தப் படந்தானே? நானும் பாத்திருக்கறேன்" என்றார். எங்கே என்றேன். "இங்கதான், கொட்டாயில. பக்கத்து வீட்டுக்காரங்களோட போனேன். உங்க நன்னி மவுத்தான வருசம்." சற்றுப் பொறுத்து, "அன்னைக்கு உன் சட்டைப் பையில மணலு இருந்துச்சு கண்ணு. உதறிப்போட்டுத் துவைச்சேன்" என்றார். அம்மாவும் அந்த மூன்று மாதங்கள் உறங்கியிருக்கமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறந்தவர் அவருடைய தாய்.

அந்த மாணவரின் ஆய்வேடு, குறுந்தொகை உவமைகள் பற்றியது, துறை அலமாரியில் நீல நிற அட்டையோடு இருக்கிறது. பிழையில்லாத ஆய்வேடு, நான் கையொப்பமிட்ட பின் எவரும் அதனைத் திறந்ததாகத் தெரியவில்லை. அவர் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, அந்தப் படப் பட்டியல் இன்னும் எங்கிட்ட இருக்குதுங்க, அனுப்பட்டுங்களா?" என்றார். அனுப்பிவிட்டார். நாற்பத்திரண்டு படங்கள், ஆண்டு வரிசையில்.

இவ்வாண்டு இறுதியாண்டு மாணவர் எவரேனும் அத்தலைப்பை எடுக்க விரும்பினால், பிற்பகல் மூன்று மணிக்குமேல் துறை அறையில் என்னைக் காணலாம். பரணிக்கு என்னிடம் மூன்று உரைகள் உள்ளன.