சுலோச்சன முதலியார் பாலமும் நம் நொய்யலும்



நெல்லையிலிருந்து வந்து நம் நெருப்பெரிச்சலில் குடியிருக்கும் பழைய மாணவர் ஒருவர், தாமிரபரணிப் பாலத்தின் படத்தை அனுப்பியிருந்தார். “சுலோச்சனாங்கிறது யாருங்க சார், பொம்பளையா?” என்று அவர் மகள் கேட்டாளாம். இல்லை கண்ணு, ஆண்தான். சுலோச்சன முதலியார். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. பாலம் வருவதற்கு முன் கொக்கிரகுளத்தில் பரிசலையும் படகையும் நம்பித்தான் இருந்தார்கள். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. முதலில் ஏறுவது யார் என்று கரையில் சண்டை வேறு. கலெக்டர் இ. பி. தாம்சன் காலத்தில் பாலம் கட்ட முடிவாயிற்று. கேப்டன் ஃபேபர் வரைபடம் தந்தார், ஹார்ஸ்லி கட்டினார். லண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலம்தான் மாதிரி. மொத்தம் 11 வளைவுகள்.

பணத்துக்கு எங்கே போவது? மக்களிடம் வசூலிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, சுமார் 50,000 ரூபாய்ச் செலவைத் தாமே ஏற்பதாக முதலியார் சொன்னார் என்பார்கள். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதையையும் நெல்லையில் இன்றும் சொல்கிறார்கள். 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து, மறுபடி கட்டினார்கள். பிற்பாடு அகலப்படுத்தினார்கள். இப்போது பக்கத்திலேயே புதிய பாலமும் வந்துவிட்டது.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1817-ல் திறந்த அந்த லண்டன் பாலம் தூண்கள் தாழ்ந்துபோய், 1930-களில் இடிக்கப்பட்டது. அதைப் பார்த்துக் கட்டிய நம் நெல்லைப் பாலம் நிற்கிறது!

இதை எதற்காக இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? நம் ஊருக்கும் ஆறு இருக்கிறது, பாலங்களும் இருக்கின்றன. நெருப்பெரிச்சலிலிருந்து தாராபுரம் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் நொய்யலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது எத்தனை பேர் கீழே எட்டிப் பார்க்கிறோம்? முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை விரட்டுகிறோம். வெள்ளியங்கிரியில் பிறந்த ஆறு சாயத்தண்ணியாகி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், தொழிலாளிகள் வேலையில்லாமல் தவித்ததும் தெரியும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது அதன்பிறகுதான் கண்டிப்பாக அமலாயிற்று.

என்னிடம் படித்தவர்களில் சாயப்பட்டறை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். சுத்திகரிப்புச் செலவு எவ்வளவு கழுத்தை நெரிக்கிறது என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளித் தருகிறீர்கள். கல்லில் பேரும் வெட்டுகிறார்கள். சந்தோஷம். ஆனால் ராத்திரி மழை பெய்யும்போது, யாரும் பார்க்காத நேரத்திலும் கழிவைத் திறந்துவிடாமல் இருப்பது அதைவிடப் பெரிய தர்மம். அதற்குக் கல்வெட்டு கிடைக்காது சாமி.

ஆற்றைக் கடக்க முதலியார் வழி செய்தார். ஆற்றையே காப்பாற்றும் வேலை நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்த முறை பாலத்தில் போகும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தைகளுக்கு நொய்யலைக் காட்டுங்கள். அதன் பேரையாவது அவர்கள் தெரிந்து வளரட்டும்.