நாம் எம்மைக் கண்ட பாடம்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, விடுதிச் சாலைக் குறும்புகளில் ஒன்றிரண்டை எழுதியனுப்பலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆயினும் இக்கல்லூரியில் மாணாக்கராய் இருந்த காலத்திலும், பிற பாடசாலைகளில் கணித ஆசிரியராய் இருந்த காலமே எமக்கு மிக நீண்டது. அத்தொழிலில், ஓய்வு பெறுதற்குச் சிறிது முன்னர், எமக்கு நேர்ந்த ஒரு நாணத்தை இங்கு எழுதத் துணிந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டமை அன்பர்கள் அறிந்ததே. ஸூம் என்றும் வட்ஸ்அப் என்றும் அதுகாறும் நாம் பொருட்படுத்தாத பெயர்கள் அப்போது எம் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தன. உடன் கற்பித்த இளம் ஆசிரியை ஒருவர், எம் மகள் வயதினர், பொறுமையோடு அவற்றை எமக்குப் பழக்கினார். பாடசாலைகள் திறந்து வகுப்புகள் ஒழுங்காகிய பின்னர் ஒருநாள் அவர், “சேர், இந்தத் தொலைபேசியை வகுப்பின் பின்புறம் அலுமாரியில் வைத்து உங்கள் பாடம் ஒன்றைப் பதிவு செய்து பாருங்களேன்” என்றார்.

அது எமக்குப் புதிய கருத்தன்று. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1963ஆம் ஆண்டில் டுவைற் அலன் என்பாரும் அவர்தம் துணைவரும் வகுத்த நுண்கற்பித்தல் முறையை ஆசிரிய கலாசாலையிலேயே நாம் படித்திருந்தோம். பயிலும் ஆசிரியர் நாலைந்து மாணாக்கருக்கு ஐந்து நிமிட அளவில் ஒரு சிறு பாடம் நடத்துவார். அதனை வீடியோ நாடாவிற் பதிந்து அவருக்கே காட்டுவர். குறை கண்டு திருத்தி, அவர் வேறு மாணாக்கருக்கு மீண்டும் நடத்துவார். இதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். கருவியை மட்டும் ஒருநாளேனும் கண்டிலோம். பிற்காலத்தில் எம்மை அழைத்த கருத்தரங்குகளிலே கருவிகள் இருந்தன. ஆனால் புரொஜெக்டர் சுவரில் எழுத்துக்களைக் காட்ட, ஒருவர் அவற்றை எமக்கு வாசித்தார். பிள்ளையே தேடிக் கற்க வேண்டும் என்ற உபதேசத்தை நாள் முழுதும் கைகட்டிக் கேட்டு, மதிய உணவின் பின் கண்ணயர்ந்தும் வந்தோம்.

அதிபரின் அனுமதி பெற்று, பிள்ளைகளுக்கும் சொல்லி, ஒன்பதாந் தரத்தில் முக்கோணத்தின் புறக்கோணம் பற்றிய பாடத்தைப் பதிந்தோம். இரவு தனியே இருந்து பார்த்தோம். குரல் எம்முடையதாகவே தோன்றவில்லை. அது போகட்டும். “புறக்கோணம் எந்த இரு கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன்?” என்று வினவிய அவ்வுருவம், மூச்சு விடுமுன்னரே “அகத்தெதிர்க் கோணங்கள், அல்லவா?” என்று தானே விடை பகர்ந்தது. மறுபடியும் அவ்வாறே. அந்த நாற்பது நிமிடத்தில் நாம் கேட்ட வினாக்கள் 26. அவற்றுள் 17க்கு நாமே விடையிறுத்தோம். மூன்றாம் வாங்கில் யன்னலோரம் இருந்த பையனின் கை தோளளவு உயர்ந்ததையும், எமது குரல் முந்திக்கொள்ள அது மெல்லத் தாழ்ந்ததையும் இருமுறை கண்டோம். அவனை, “வாய் திறவாதவன்” என்று ஆசிரியர் அறையிற் பலகால் கூறியவர் நாமே. அன்றிரவு நித்திரை வரவில்லை.

மேரி பட் றோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டவற்றைப் பின்னர் தேடி வாசித்தோம். வினாவின் பின் ஆசிரியர் காத்திருப்பது சராசரி ஒரு செக்கனளவே என்றும், அதனை மூன்று செக்கனாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசாதிருந்தோரும் பேசுகின்றனர் என்றும் அவர் கண்டார். வாசித்தபொழுது இக்கல்லூரியில் எமக்குக் கேத்திரகணிதம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை நினைவில் எழுந்தார். வினாவை விடுத்தபின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சால்வைத் தலைப்பால் ஆறுதலாகத் துடைத்து, ஒளியிற் பிடித்துப் பார்த்து, மீண்டும் அணிவார். அவருக்கு மறதி என்று நகைத்தோம். நாம் சூட்டிய பட்டப்பெயரை இம்மலரில் அச்சிடுதல் தகாது; அக்காலத்தவர் அறிவர்.

அடுத்த கிழமை மனதுள் மூன்று எண்ணிக் காத்து நின்றோம். முப்பத்தைந்து ஆண்டு கற்பித்தவருக்கு மூன்று செக்கன் எத்துணை நீளம்! யன்னலோரப் பையன் ஐந்தாம் நாளில் கையை முழுதாக உயர்த்தினான். சொன்ன விடை பிழை. ஆயினும் அவன் எங்கே பிழைத்தான் என்பதை அன்றுதான் அறிந்தோம். எதிர்க்கோணம் எது, அடுத்த கோணம் எது என்ற மயக்கம் அவனுக்கு முந்திய ஆண்டிலிருந்தே இருந்திருக்கிறது.

செய்தி பரவ, ஆசிரியர் தரங்கணிப்புக்கு இப்பதிவுகள் பயன்படுமே என்று மேலிடத்தில் ஒருவர் ஆர்வங் காட்டினார். பதிவு எதனையும் கொடோம் என்று பணிவாக மறுத்தோம். தன் குறையைத் தானே காண வைத்த கண்ணாடி பிறர் கையிற் போனால், அடுத்த பதிவில் எவரும் பாடம் நடத்தார்; நாடகமே நடத்துவர். இவ்விடயத்தில் எம்மை முரடர் என்றவர்களும் உளர்.

அந்த இளம் ஆசிரியை தமது பதிவை எமக்குக் காட்டியது மறு வருடத்திலேதான், நாமும் கேட்கவில்லை. பாதிப் பாடத்தை அவர் கரும்பலகைக்கே நடத்தியிருந்தார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.